அதிகாரமும் அதிர்ஷ்டமும்: ஓர் இணையவழி உரைத்தொடர் பற்றிய மதிப்புரை

அரசியல் தலைவர்களின் வெற்றியில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று ஆராயும் இந்த உரைத்தொடர், தலைமைப் பண்புகளைப் பட்டியலிட்டுவிட்டு வெற்றிக்கு அவையே காரணம் என்று முடித்துவிடும் பயிற்சி வகுப்புகளிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. பதவி கைக்கு வருவதில் உள்ள அதிர்ஷ்டம் வேறு, பதவியில் இருக்கும்போது கைகொடுக்கும் அதிர்ஷ்டம் வேறு என்று உரையாளர் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டுவதுதான் இதன் முதன்மையான பலம்.

முதல் வகைக்கு அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனை எடுத்துக்கொள்கிறார். 1944இல் அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸுக்குப் பதிலாகத் துணை அதிபர் வேட்பாளராக்கப்பட்ட அவர், பதவியேற்று மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், 1945 ஏப்ரல் 12 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் இறந்ததால் அதிபரானார். ஆனால் தோற்றுவிடுவார் என்று பரவலாகக் கணிக்கப்பட்ட 1948 தேர்தலில் அவர் வென்றதை உரையாளர் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

தொடரின் சிகரம், பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே நடந்த ஃபாக்லாந்து தீவுப் போர் பற்றிய உரை. 1982இல் அர்ஜென்டினா விமானங்கள் ஏவுகணைகளுக்குத் தப்புவதற்காக மிகத் தாழ்வாகப் பறந்து குண்டுகளை வீசியதால், வெடிப்பொறி இயங்கத் தேவையான நேரம் கிடைக்காமல் பல குண்டுகள் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கியும் வெடிக்கவில்லை. அவற்றில் இன்னும் சில வெடித்திருந்தால் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1983 தேர்தலை எந்த நிலையில் சந்தித்திருப்பார் என்ற கேள்வியை எழுப்பும் உரையாளர், கடற்படையை அனுப்பிய துணிவு அவருடையதே என்பதையும், எதிரணி பிளவுபட்டுக் கிடந்ததையும், பொருளாதாரம் மீளத் தொடங்கியிருந்ததையும் விட்டுவிடாமல் எடைபோடுகிறார். இவ்வளவு நேர்மையான அலசலைக் கேட்பது அரிது.

இதே நிதானம் பொருளாதாரம் பற்றிய உரையில் இல்லை. கச்சா எண்ணெய் விலை சரிவதும் உலகச் சந்தை சுணங்குவதும் எந்த ஒரு தலைவரின் கையிலும் இல்லாதபோது, அவற்றின் பலனையும் பழியையும் வாக்காளர்கள் ஆட்சியில் இருப்பவர் மீதே சுமத்துகிறார்கள் என்பது இத்தலைப்பின் உயிர்நாடி. அதைச் சில நிமிடங்களில் கடந்துவிட்டது பெருங்குறை. ஒலிப்பதிவும் எழுத்து வடிவமும் தெளிவாக உள்ளன.

இன்னொரு குறை, வென்றவர்களையே திரும்பத் திரும்பப் பேசுவது. தோற்றவர்களை அருகில் நிறுத்திப் பார்க்காமல் அதிர்ஷ்டத்தின் அளவைக் கணிக்க இயலாது. விதிவிலக்காக வருபவர் சி.பி. ஜோஷி மட்டுமே. 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் மாநிலக் காங்கிரஸ் தலைவராகவும் முதல்வர் பதவிக்குப் பேசப்பட்டவராகவும் இருந்த அவர், நாத்துவாரா தொகுதியில் 62,215 வாக்குகள் பெற்று ஒரே ஒரு வாக்கில் தோற்றார்; அசோக் கெலாட் முதல்வரானார். மறு ஆண்டே ஜோஷி மக்களவைக்குத் தேர்வாகி மத்திய அமைச்சரானதையும் சேர்த்துச் சொல்லியிருப்பதால் அந்த உரை முழுமை பெறுகிறது.

அதிர்ஷ்டத்தை நாமே உருவாக்கிக்கொள்ள வழி சொல்லும் இறுதி உரை, முந்தைய உரைகள் நிறுவியதற்கே முரணானது என்பதால் அதைத் தவிர்த்துவிடலாம். அரசியல் வரலாறு படிப்பவர்களுக்கும் தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கும் மற்ற உரைகளைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.