விங்ஸ் யாருக்கு? ஆக்ராவும் கொலராடோவும்

பரதராமியைத் தாண்டிச் சித்தூர் போகும் வழியில், எங்கள் ஊர் மாந்தோப்பை ஒட்டின மண்ரோட்டில் விடியற்காலை நாலரைக்கே பையன்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டால் இந்தி. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. நானும் அப்படிப் போனவன்தான். ஆக்ராவில் பாராசூட் கட்டிக் குதித்து, அதில் தேறினவருக்குத் தரும் சிறகுச் சின்னமான விங்ஸ் வாங்கினவன்.

என்.சி.சி.யில் இருக்கும் என் அக்கா மகள் போன வாரம் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அமெரிக்க விமானப்படை அகாடமி மாணவர்கள் வானத்திலிருந்து குதிக்கும் வீடியோ. "மாமா, இவங்களுக்கு அஞ்சு தடவை குதிச்சா விங்ஸ் தர்றாங்களாம். நீங்களும் அஞ்சு தடவை குதிச்சுதானே வாங்குனீங்க? அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?"

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வழி. ஆக்ராவில் உள்ள பாராட்ரூப்பர் பயிற்சிப் பள்ளியில் விமானத்திலிருந்து குதிப்பது கடைசியில்தான் வரும். அதற்கு முன் நாள் முழுக்கத் தரையில் விழுந்து விழுந்து எழுவோம். பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று அடியை உடம்பு முழுக்கப் பங்கு போட்டு வாங்கக் கற்றுக்கொடுப்பார்கள். பிறகு விமானத்துக்குள் வரிசையாக நிற்போம். பாராசூட் குடையின் கயிற்றுக் கொக்கியை மேலே ஓடும் கம்பியில் மாட்டும்போது 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் விழுகிறவரை மனம் அடங்காது. சுமார் 1,250 அடி உயரம். பச்சை விளக்கு எரிந்ததும் ஒருவர் முதுகை ஒருவர் தொடர்ந்து வெளியே போக வேண்டும். குடையைக் கயிறே இழுத்துத் திறந்துவிடும். ஐந்து குதிப்பில் ஒன்று இரவில்.

இனி கொலராடோ ஸ்பிரிங்ஸ். வீடியோவில் வந்த அந்த விமானப்படை அகாடமி அங்கேதான். அதில் ஏ.எம்.490 என்று ஒரு பாடம். ஐந்து குதிப்பு என்கிற கணக்கு மட்டும்தான் எங்களுடையதைப் போல. முதல் குதிப்பிலேயே மாணவர் தனியாகப் போகிறார். அவரோடு பயிற்சியாளரைப் பிணைத்து அனுப்புவதில்லை, குடையை இழுத்துத் திறக்கக் கயிறும் கிடையாது. சுமார் பத்து விநாடி கல்லைப் போல விழுந்து, உடம்பை வளைத்து நிலைப்படுத்தி, தன் கையாலேயே குடையைத் திறக்க வேண்டும். பத்து விநாடி என்றால் ஏறக்குறைய 300 மீட்டர். தவறினால் காப்பாற்ற ஒரு தானியங்கிக் கருவி இருக்கிறது. ஆனாலும் கதவருகே நிற்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் தன் கைதான் நினைவில் இருக்கும்.

தைரியத்தை மட்டும் தராசில் வைத்தால் அந்தப் பிள்ளைகளின் தட்டுதான் தாழும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. என் முதல் குதிப்பில் என்னை வெளியே கொண்டுபோனதில் பாதிக்கு மேல் பின்னாலிருந்து நெருக்கிய வரிசை. நின்று யோசிக்க இடமே இருக்காது. அவர்கள் நின்று யோசித்து, அதன் பிறகும் குதிக்கிறார்கள்.

ஆனாலும் சிப்பாய்க்குத் தருகிற அதே விங்ஸை அவர்களுக்கும் தரலாமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 1941ல் யார்பரோ என்கிற அதிகாரி வரைந்த வெள்ளி நிறச் சின்னம் அது. ஜார்ஜியாவின் பென்னிங் முகாமில் மூன்று வாரம் புரண்டு, கயிறு திறக்கும் குடையில் ஐந்து முறை இறங்குகிற சிப்பாய்க்குக் கிடைப்பதும், அகாடமி மாணவருக்குக் கிடைப்பதும் அதே சின்னம்தான். பென்னிங்கில் சில குதிப்புகள் ஆயுதப் பொதியோடு நடக்கும். அகாடமியில் பொதியும் இல்லை, முன்னும் பின்னும் வரிசையும் இல்லை.

என் மூன்றாவது குதிப்பைச் சொன்னால் இந்த வித்தியாசம் புரியும். ஆக்ராவில் நாங்கள் இறங்குகிற மால்புரா மைதானத்தில் பக்கக் காற்று அடித்தது. கால் இரண்டையும் சேர்க்காமல் இறங்கிவிட்டேன். கணுக்கால் பூரி மாதிரி வீங்கிப்போனது. உட்கார்ந்து அழ நேரமில்லை. குடையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சேர வேண்டிய இடத்துக்கு நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பட்டாளத்தில் குதிப்பது வேலைக்குப் போகிற வழி, பஸ் ஏறிப் போவது மாதிரி. இறங்கின பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்த டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1941ல் முதன்முதலாகக் குதித்த இந்தியர்களில் ஒருவர். 1951 மார்ச்சில், கொரியாவின் முன்சானில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து தன் மருத்துவக் குழுவுடன் குதித்தார். குதித்து இறங்கியதும் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனார். மகாவீர் சக்ரா கிடைத்தது. துப்பாக்கிக்காரருக்குத்தான் விங்ஸ் என்று யாராவது சொன்னால் இவரைத்தான் காட்டுவேன்.

எதிர்வாதம் ஒன்றும் இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு. பென்னிங்கில் விங்ஸ் வாங்குகிற அதிகாரி மாணவர்களில் பலர் பிறகு எந்த பாரா படைக்கும் போவதில்லை. நம் ஊரிலும் தோனி 2015ல் ஆக்ராவில் ஐந்து முறை குதித்தார். அவர் போருக்குப் போகப்போகிறவர் இல்லை. அப்படியானால் அகாடமிப் பிள்ளைகளை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்? என் பதில் இதுதான்: பின்னால் எங்கே போகிறார் என்பதை வைத்து அளக்கக் கூடாது. எந்தப் பயிற்சியில் தேறினார் என்று பார்க்க வேண்டும். தோனி குதித்தது எங்களைப் போலவே அதே பள்ளியில், அதே முறையில். அதனால் அவர் விங்ஸில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியே அளந்தால், கயிறில்லாமல் குதிக்கிறவருக்கு அமெரிக்க ராணுவத்தின் தனிச் சின்னம் இருக்கிறதே, அதைத் தரலாமே என்று தோன்றும். அதுவும் சரிப்படாது. அந்தச் சின்னத்துக்கு அரிசோனாவின் யூமாவில் மிக உயரத்திலிருந்து ஆக்சிஜன் முகமூடி, ஆயுதப் பொதி, இருட்டு எல்லாவற்றோடும் குதித்துக் காட்ட வேண்டும். ஐந்து பகல் குதிப்பை அதோடு சேர்க்க முடியாது. ஆக, அகாடமிப் பிள்ளைகள் ஒன்றுக்கு மேலாகவும் இன்னொன்றுக்குக் கீழாகவும் நடுவில் நிற்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு சின்னம் செய்து தர வேண்டும் என்பதே என் முடிவு. வேறு வடிவத்தில் செய்யட்டும், மதிப்பில் குறைக்க வேண்டாம். அந்தச் சின்னத்தைப் பார்க்கிற மேலதிகாரிக்கு, இவர் தன் கையை நம்பிக் குதித்தவர் என்றும், பொதியோடு படை வரிசையில் இன்னும் பழகாதவர் என்றும் ஒரே பார்வையில் தெரிந்துவிட வேண்டும். அது தெரியாமல் ஒருவரை இருட்டில் அனுப்பிவிட்டால் விழுகிற அடி அவர் உடம்பில்தான் விழும்.

இத்தனையும் அக்கா மகளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். என்.சி.சி. பிள்ளைகளையும் அதே ஆக்ரா பள்ளிக்குத்தான் பாரா பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அவளுக்கு அந்தப் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டும். "எந்த விங்ஸா இருந்தாலும் சரி மாமா, முதல்ல விழக் கத்துக்குடுங்க" என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் தோப்பில் மாங்காய்ப் பெட்டிகளை இரண்டடுக்காக அடுக்கி, கீழே மணல் கொட்டிவைத்திருக்கிறேன். நேற்று இருபது தடவை குதித்தாள். பன்னிரண்டு தடவை கால் சேர்ந்திருந்தது.