வெளிநாட்டுக்குக் குடிபெயர்வோரின் செலவுக் கணக்கில் நம்பியோ

வெளிநாட்டில் வேலையோ படிப்போ உறுதியானதும், அங்கே மாதம் எவ்வளவு செலவாகும் என்று தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் நம்பியோ இணையதளம். மிலாதென் அதமோவிச் என்பவர் 2009இல் தொடங்கி, செர்பியாவிலிருந்து இயங்கிவரும் இந்தத் தளம், ஆயிரக்கணக்கான நகரங்களின் வாடகை, மளிகை, போக்குவரத்து, உணவகம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றின் விலைகளை ஒரே வடிவில் அடுக்கித் தருகிறது. கட்டணம் எதுவும் இல்லாமல் எவரும் பார்க்கலாம். பொருள்வாரியான விலைகளை அறிவதற்கு இதைவிட வசதியான இடத்தை நான் கண்டதில்லை. ஆனால் பக்கத்தின் தலைப்பிலேயே அது கூட்டித் தரும் மாதத் தொகையை அப்படியே எடுத்துக்கொண்டு புறப்படுபவருக்கு, முதல் சில மாதங்களில் துண்டு விழுவதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

விலைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பகுதி, அந்தந்த நகரங்களைப் பற்றிப் பயனர்கள் தாமாக முன்வந்து பதிவிடுபவை. அவற்றோடு பல்பொருள் அங்காடிகள், டாக்சி நிறுவனங்கள், அரசு அமைப்புகள் ஆகியவற்றின் தளங்களிலிருந்து திரட்டப்படும் விலைகளும் சேர்கின்றன. பொருந்தாத வகையில் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருக்கும் பதிவுகளை வடிகட்டிவிட்டு, எஞ்சியவற்றின் சராசரியையும் அதன் இருபுறமும் கீழ் எல்லை, மேல் எல்லை என இரண்டு எண்களையும் தளம் காட்டுகிறது. பலரும் சராசரியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். புதிதாகச் செல்பவருக்கு மலிவான கடை எது, எந்தப் பகுதியில் வாடகை குறைவு என்பதெல்லாம் பிடிபடக் காலம் ஆகும் என்பதால், அவர் முதலில் பார்க்க வேண்டியது மேல் எல்லையைத்தான். பக்கத்திலேயே, அந்த நகரத்துக்கு எத்தனை பேரிடமிருந்து எத்தனை பதிவுகள் வந்துள்ளன, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது எப்போது என்ற குறிப்பும் இருக்கிறது. பெருநகரங்களுக்கு இந்த எண்ணிக்கை தாராளமாக இருக்கும். பல்கலைக்கழகத்தை மட்டுமே நம்பியிருக்கும் சிற்றூர்களுக்கோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தந்த விலைகளே சராசரியாக நிற்கலாம்.

இரண்டு நகரங்களை ஒப்பிடும் வசதியே இத்தளத்தில் அதிகம் பயன்படுவது. இந்த நகரத்தில் இவ்வளவு பணத்தில் வாழும் வாழ்க்கையை அந்த நகரத்தில் வாழ எவ்வளவு வேண்டும் என்று ஒரே வரியில் அது விடை சொல்லிவிடுகிறது. அந்த விடைக்குள் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன: இரண்டு ஊரிலும் நீங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள் என்பது ஒன்று; குறிப்பிடப்படும் தொகை வருமான வரி போக எஞ்சும் தொகை என்பது மற்றொன்று. சொந்த வீட்டில் இருந்துவிட்டுச் செல்பவருக்கு முதல் நிபந்தனையிலேயே கணக்கு தவறிவிடும். இரண்டாவது இன்னும் முக்கியமானது, ஏனெனில் வேலைக்கான கடிதத்தில் இருப்பது மொத்தச் சம்பளம். வருமான வரி, சமூகக் காப்பீடு, ஓய்வூதியம் எனப் பிடித்தங்கள் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுபடும். ஆகவே கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்பதை அந்த நாட்டு வரிக் கணக்கின்படி தனியாக அறிந்துகொண்ட பிறகே இந்த ஒப்பீட்டைத் திறக்க வேண்டும்.

குறியீட்டு எண்களைப் பற்றியும் ஒரு சொல். நியூயார்க் நகரத்தை 100 என வைத்துக்கொண்டு மற்ற நகரங்கள் அளக்கப்படுகின்றன. வாழ்க்கைச் செலவுக் குறியீடு என்று முதலில் தெரியும் எண்ணில் வாடகை சேராது. வாடகைக்குத் தனிக் குறியீடும் இரண்டையும் சேர்த்த குறியீடும் வேறு வேறாக உள்ளன. குடிபெயர்பவரின் மாதச் செலவில் பெரும்பங்கு வாடகைக்கே போகும் நிலையில், அது சேராத எண்ணைக் கொண்டு நகரங்களைத் தரவரிசைப்படுத்துவது அவருக்கு உதவாது.

இனி, கூட்டுத்தொகைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். மின்சாரம், வெப்பமூட்டல், குளிரூட்டல், தண்ணீர், குப்பை அகற்றுதல் ஆகியவற்றுக்கான மாதச் செலவு 85 சதுர மீட்டர் பரப்புள்ள வீட்டுக்குக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஓர் அறையில் தங்கப்போகும் மாணவருக்கு அது மிகை. அதே நேரத்தில் அது ஒரே ஓர் எண்ணாகத் தரப்படுவதால், குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வெப்பமூட்டலுக்கு எகிறும் கட்டணம் அதில் தனியே தெரிவதில்லை. துரித உணவு, கப்புச்சினோ, உடற்பயிற்சிக் கூடம், டென்னிஸ் மைதான வாடகை ஆகியவையும் பட்டியலில் உள்ளன. இவற்றை நாடாத குடும்பத்துக்கு அந்த வரிகளால் பயனில்லை. மருத்துவக் காப்பீடோ பட்டியலிலேயே இல்லை. விசா புதுப்பிப்பும், சொந்த நாட்டுக்குச் சென்றுவரும் விமானச் செலவும், வீட்டுக்கு அனுப்பும் பணமும் அப்படித்தான். வெளிநாட்டில் வாழ்பவரின் கையை உண்மையில் கடிப்பவை இவைதாம்.

வாடகையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நகர மையத்திலும் வெளியிலும் ஒரு படுக்கையறை, மூன்று படுக்கையறை என நான்கு வரிகளில் தளம் வாடகையைத் தருகிறது. பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகையும், இன்று விளம்பரத்தில் வரும் வாடகையும் பல நகரங்களில் வெகுதொலைவு விலகியிருக்கும். இரண்டு வகைப் பதிவுகளும் ஒரே சராசரியில் கலக்கும்போது, புதியவருக்குக் கிடைக்கக்கூடிய வாடகை அந்தச் சராசரிக்கு மேலாகவே இருக்கும். எதை வாடகை என்று அழைக்கிறார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மனியில் வெறும் வீட்டு வாடகையை ‘குளிர்’ வாடகை என்றும், வெப்பமூட்டல் உள்ளிட்ட துணைச் செலவுகள் சேர்ந்ததை ‘சூடான’ வாடகை என்றும் பிரித்துச் சொல்வார்கள். இரண்டில் எது என்று கேட்காமல் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கக் கூடாது. எனவே, வாடகைக்கு மட்டும் நம்பியோவை ஒதுக்கிவிட்டு, அந்த நகரத்து வாடகை விளம்பரத் தளங்களில் இன்று காலியாக உள்ள வீடுகளைப் பார்த்துக் கணக்கிடுவதே சரி.

குடியேறும் செலவு என்ற ஒன்று இத்தளத்தின் கணக்குக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது. வீட்டு முன்பணம் ஜெர்மனியில் துணைச் செலவுகள் சேராத 3 மாத வாடகை வரை இருக்கலாம். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 5 வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதற்கு மேல் முதல் மாத வாடகை, வீடு கிடைக்கும்வரை தங்கும் விடுதி, கட்டில், போர்வை, சமையல் பாத்திரங்கள், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு என அனைத்தும் ஒரே நேரத்தில் வந்து விழும். மாதச் செலவுக் கணக்கோடு இதைக் கலக்காமல், தனித் தாளில் எழுதி, அதற்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மளிகை, போக்குவரத்து, இணையம், மழலையர் பள்ளி ஆகிய வரிகளை உள்ளூர் நாணயத்திலேயே படித்து, உங்கள் குடும்பம் எவ்வளவு வாங்கும் என்ற அளவால் பெருக்கிக்கொண்டால், நம்பியோ தரும் பயன் மிகப் பெரியது. அந்தப் பணியில் நான் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். எக்ஸ்பட்டிஸ்தான் என்ற இன்னொரு தளத்திலும் அதே விலைகளைச் சரிபார்க்கலாம். ஆனால் அது ப்ராக் நகரத்தை 100 என வைத்து அளப்பதால், இரண்டு தளங்களின் குறியீட்டு எண்களை அருகருகே வைக்காமல் பொருள்களின் விலைகளை மட்டும் ஒப்பிடவும்.