பின்னைப் பார்த்தாலே தெரியணும்: மேடை லைட் கனெக்டர்களோடு ஆறு வருஷம்

நாடகம், பள்ளி ஆண்டு விழா, திருவிழாக் கச்சேரி என்று மதுரைப் பக்கம் சுற்றும் சின்ன லைட்டிங் செட் என்னுடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வயர் பெட்டியில் இரண்டு கேபிளுக்கு ஒரே மாதிரி பிளக் இருந்ததில்லை. பிளக் கிடைக்காத இடத்தில் பையன்கள் வயரைச் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியைச் சொருகி இறுக்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொழில் கற்றேன்.

ஒரு ஆண்டு விழாவில் எல்.இ.டி. பார் லைட்டை டிம்மர் சேனலில், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லைனில், மாட்டிவிட்டான் ஒரு பையன். டிம்மர் கரண்ட் அலையை வெட்டி வெட்டித்தான் அனுப்பும். பழைய பல்பு அதைத் தாங்கும்; எல்.இ.டி. சப்ளை தாங்காது. பத்து நிமிஷம் துடித்துவிட்டு, கருகிய வாடையோடு அடங்கியது. பையனைத் திட்டி என்ன பயன்? டிம்மரிலும், டிம்மர் வழியாகப் போகாமல் மெயின் கரண்டை அப்படியே தரும் பாக்ஸிலும் ஒரே சாக்கெட்டை வைத்தவன் நான்.

இங்கிலாந்து நாடக அரங்குகளில் டிம்மர் லைனுக்கு 15 ஆம்பியர் உருண்டைப் பின் பிளக் என்று படித்து, அதையே பிடித்துக்கொண்டேன். அங்கே வீடுகளில் இருப்பது 13 ஆம்பியர் சதுரப் பின். அதனால் கெட்டிலைக் கொண்டுவந்து டிம்மரில் சொருக முடியாது. நம் ஊரில் கதையே வேறு. அதே உருண்டைப் பின் குடும்பம்தான் இங்கே ஏ.சி. முதல் கிரைண்டர் வரை. அடுத்த கல்யாண மண்டபத்திலேயே யாரோ பெடஸ்டல் ஃபேனை டிம்மரில் சொருகிவிட்டார்கள்!

அப்புறம்தான் தலைகீழாக மாற்றினேன். டிம்மர் அவுட்புட் எல்லாம் நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். ஒரு கிலோவாட் பார் கேன் (டப்பா மாதிரி இருக்கும் பழைய பல்பு லைட்) 230 வோல்ட்டில் நாலே கால் ஆம்பியர் சுமார் இழுக்கும். ஒரு லைனுக்கு மூன்று போடலாம். மண்டபத்து ஆள் எவரிடமும் அந்தப் பிளக் இருக்காது. டிம்மர் இல்லாத லைனுக்கு வழக்கமான உருண்டைப் பின், அங்கிருந்து லைட்டுக்குப் பவர்கான், அதாவது திருகினால் பூட்டிக்கொள்ளும் பவர் கனெக்டர்.

பழைய நீலப் பவர்கானை லோடோடு, அதாவது கரண்ட் ஓடும்போது, பிடுங்கக் கூடாது. அது தெரியாமல் பிடுங்கிப் பிடுங்கி உள்ளே கறுத்துப்போனது எங்கள் தப்பு. இப்போது வாங்கும் லைட்டெல்லாம் ட்ரூ1 என்ற புது வகைப் பவர்கான், அதை லோடிலும் கழற்றலாம். ஆனால் பழையது இதில் ஏறாது, அதனால் இரண்டு வகைக் கேபிளும் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

நீல பிளக்கில் குறை இல்லாமல் இல்லை. பருமன், லைட்டுகள் நெருக்கமாகத் தொங்கும் கம்பியில் இடிக்கும். திருகு தளரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து முறுக்குகிறோம். வயர் நுனிக்கு ஈயம் பூசாதீர்கள், அழுத்தத்தில் நசுங்கி லூஸாகும். பின் லக் (நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழல்) போட்டு நசுக்குங்கள்.

லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் சிக்னல் லைனான டி.எம்.எக்ஸில் தோற்றுவிட்டேன். விதிப்படி ஐந்து பின்; கைக்கு வரும் லைட்டெல்லாம் மூன்று பின். மைக் கேபிளும் அதே மூன்று பின் என்பதால் சவுண்டுக்காரர் நம்முடையதை எடுத்துப் போவார், நாம் அவருடையதை. மைக் கேபிளில் கிட்டத்து லைட் ஓடும், தூரத்து லைட் நடுக்காட்சியில் பேயாடும். அடையாளத்துக்கு நம் கேபிளில் மஞ்சள் டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

பெட்டியில் இன்னும் பிளக் இல்லாத ஒரே ஒரு மொட்டை வயர் உண்டு. ஜெனரேட்டர்காரர் தருவது வெறும் போல்ட் டெர்மினல். இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதை நான் மட்டும்தான் மாட்டுவேன்.