ஒரே எடை, வேறு வேறு காரணம்

தராசில் இரண்டு குழந்தைகளும் 2 கிலோதான். ஒன்று 34 வாரத்தில் அவசரமாகப் பிறந்தது. மற்றது 39 வாரம் உள்ளே இருந்தும் சரியாக வளராதது.

முதல் குழந்தைக்கு மூளையின் எடை நிறைமாத மூளையில் ஏறத்தாழ 65 சதவீதம்தான். அதனால், ‘எட்டு மாதமாச்சே, இன்னும் உட்காரலையே’ என்று பாட்டி கவலைப்பட்டால், நிறைமாதமான 40 வாரத்துக்குக் குறைந்த ஆறு வாரத்தை, அதாவது ஒன்றரை மாதத்தைக் கழித்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள். இரண்டு வயது வரை இப்படித்தான் கணக்கு.

இரண்டாவது நிறைமாதக் குழந்தை என்பதால், அதற்கு இப்படி மாதத்தைக் கழிக்கும் கணக்கு கிடையாது. நஞ்சுக்கொடி போதுமான அளவு ஊட்டம் தராதபோது, கருவின் உடல் ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடும். தொடைத் தோல் சுருங்கியிருக்கும். தலை மட்டும் பெரிதாகத் தெரியும். அது ஓரளவு நல்ல அறிகுறிதான். தலையும் சிறுத்திருந்தால்தான் எனக்குக் கவலை கூடும். அப்புறம் பேச்சு, கவனம் இரண்டையும் பள்ளி வயது வரை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.