ஒரே மானிட்டரில் இரண்டு கணினியா? "கார்டு போயிடுச்சு" என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

பினாங்கில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், முக்கியமாக ஒரே மானிட்டரில் இரண்டு கணினியை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள், இதை முழுவதும் படியுங்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு கணினிக் கடை எனக்குத் தேவையே இல்லாத கிராபிக்ஸ் கார்டை (திரைக்குப் படம் அனுப்பும் பாகம்) விற்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கார்டையும் வைத்துக்கொண்டது.

நான் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மேசையில் என் சொந்தக் கணினி ஒன்று, அலுவலக லேப்டாப் ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரு 24 அங்குல மானிட்டர். நடுவில், ஒரே திரை, கீபோர்டு, மவுஸை இரண்டு கணினிக்கும் பொத்தானை அழுத்தி மாற்றித் தரும் கேவிஎம் சுவிட்ச். லேப்டாப் பக்கம் போய்விட்டுத் திரும்பினால் என் கணினியின் திரை அளவு (ரெசல்யூஷன்) 1024×768 புள்ளிகளுக்கு இறங்கிவிடும். எழுத்தெல்லாம் பக்கவாட்டில் பருத்து மங்கிப்போகும், எக்செல் தாளில் பாதிப் பத்திகள் திரைக்கு வெளியே போய்விடும். செட்டிங்ஸில் தேடினால் 1920×1080 பட்டியலிலேயே இருக்காது. சில சமயம் லேப்டாப்பிலும் இதே நிலைதான். இதையும் கடையில் தெளிவாகச் சொன்னேன்.

கடைப் பையன் நான் கொண்டுபோன அதே சுவிட்ச் வழியாகவே கணினியைத் திரையில் மாட்டினான். பட்டியலைக் காட்டி, "பாத்தீங்களாக்கா, 1024க்கு மேல ஏறல. கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு" என்றான். புதுக் கார்டு 380 ரிங்கிட், வேலைக்கூலி 80 ரிங்கிட். ரசீதில் "ரிப்பேர்" என்ற ஒரே சொல்தான். வீட்டுக்கு வந்து மாட்டினால் மறுபடியும் 1024×768. திரும்பப் போனதற்கு, "அப்படின்னா மானிட்டர் பழசுக்கா, புதுசு எடுத்துக்குங்க" என்று பதில். சுவிட்சை எடுத்துவிட்டு நேரடியாக மாட்டிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் செய்யவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் என் தம்பி வந்து, சுவிட்சைக் கழற்றி எச்டிஎம்ஐ கேபிளை நேராக மானிட்டரில் செருகினான். அடுத்த நொடி 1920×1080. சுவிட்சைத் திரும்ப மாட்டி, விண்டோஸில் இணைந்த சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தான். மானிட்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்" என்று இருந்தது, அதாவது எந்த மானிட்டர் என்றே கணினிக்குத் தெரியவில்லை. அவன் விளக்கியது இதுதான்: ஒவ்வொரு மானிட்டரும் தனக்கு எந்த எந்த அளவு பொருந்தும் என்ற விவரத்தைக் கணினிக்குச் சொல்கிறது. அதற்கு இடிஐடி என்று பெயர், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். எச்டிஎம்ஐ கேபிளில் 15, 16ஆம் பின்கள் வழியாகவும், பழைய விஜிஏ கேபிளில் 12, 15ஆம் பின்கள் வழியாகவும் அது போகும். மலிவான சுவிட்ச், மறுபக்கம் மாறியதும் இந்தத் தொடர்பையும் அறுத்துவிடும். மானிட்டரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கணினி நினைத்து, எந்தத் திரையிலும் தெரியக்கூடிய சிறிய அளவுக்கு இறங்கிவிடும். கார்டுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆகவே முதலில் நேரடி கேபிள் சோதனை. நேரடியாக மாட்டினால் அளவு சரியாக வருகிறதா? அப்படியானால் கோளாறு சுவிட்சிலோ அதன் கேபிளிலோதான். சுவிட்ச் உங்கள் கணினியின் பக்கம் இருக்கும்போது கணினியை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் அப்போதைக்குச் சரியாகிவிடும். நிரந்தரமாகச் சரிசெய்ய, இடிஐடி எமுலேஷன் (மறுபக்கம் மாறினாலும் மானிட்டரின் விவரத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் வசதி) உண்டு என்று பெட்டியிலேயே போட்டிருக்கும் சுவிட்ச் வாங்குங்கள், அல்லது கேபிளுக்கு நடுவில் செருகும் சிறிய இடிஐடி எமுலேட்டர் போதும். 4கே திரை வைத்திருப்பவர்கள் சுவிட்ச் எச்டிஎம்ஐ 2.0 தானா என்றும் பாருங்கள், 1.4 என்றால் 4கே 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 படம்) நின்றுவிடும். எனக்குப் பிடித்த வழி வேறு. என் மானிட்டரின் பின்னால் எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று என இரண்டு வாசல் இருந்தன. கணினியை ஒன்றிலும் லேப்டாப்பை மற்றொன்றிலும் நேராக மாட்டி, மானிட்டரின் பொத்தானிலேயே மாற்றிக்கொள்கிறேன். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் ஒரு யுஎஸ்பி சுவிட்ச்.

பழைய கார்டைக் கேட்கப் போனபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கண்ணாடி அலமாரியில் செகண்ட்ஹேண்ட் கார்டுகளோடு அதுவும் விலைச்சீட்டு ஒட்டி நின்றது. அதன் விசிறியில் ஓர் இறக்கையின் நுனி உடைந்திருக்கும், அதனால் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. போய்விட்ட கார்டை எப்படி விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சுவரில் இருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" பலகையைக் காட்டினார் முதலாளி.

அந்தப் பலகைக்குப் பயப்படாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளைக் கடைக்காரர் ஒரு பலகை வைத்து இல்லாமலாக்க முடியாது. செய்யும் வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 3 ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. நான் பாரம் 1 நிரப்பிக் கொடுத்துவிட்டேன், விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

கணினியைக் கடையில் விடும் முன் பெட்டியைத் திறந்து கார்டு, ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றின் சீரியல் எண்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிய ரசீதைக் கேளுங்கள். கழற்றிய பொருள் உங்களுடையது, அதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கொடுங்கள்.