ட்ரோவ்: வரிப்பணத்தில் நடக்கும் ஒரு நல்ல நூலகம்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த எம்டனை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் பக்கம் மடக்கி நொறுக்கியது 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல், அதனால் அந்த நாட்டுப் பத்திரிகைகள் எம்டனைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கின்றன. அந்தப் பக்கங்களை இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். காசு வேண்டாம், உறுப்பினராகச் சேரவும் வேண்டாம். ட்ரோவ் என்ற இணைய நூலகத்தைத்தான் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் 2009-இல் தொடங்கியது இது. 1803-இல் வந்த அந்நாட்டின் முதல் செய்தித்தாளான சிட்னி கெஜட்டிலிருந்து ஆரம்பித்து, பெரும்பாலான பத்திரிகைகள் 1954 வரை கிடைக்கும். அதற்குப் பிறகு காப்புரிமை குறுக்கே நிற்கிறது. எம்டன், மெட்ராஸ் என்று ஆங்கிலத்தில் தட்டி ஆண்டை 1914 என்று சுருக்கினால் செய்திகள் வந்து விழும். பக்கத்தின் படத்தோடு, கணினி அதைப் படித்துத் தந்த எழுத்தும் கூடவே இருக்கும். பழைய அச்சு மங்கலாக இருப்பதால் கணினி தப்பாகப் படித்த வரிகள் நிறைய உண்டு, ஆனால் படிக்கிற யார் வேண்டுமானாலும் அதை அங்கேயே திருத்தலாம், திருத்திய சொல் அடுத்து தேடி வருபவருக்குக் கிடைத்துவிடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். கூலி வாங்காமல் கோடிக்கணக்கான வரிகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள் மக்கள்.

சரி, இலவசம் என்றால் யாரோ பணம் கட்டுகிறார்கள். 2022 கடைசியில், 2023 ஜூன் வரைக்கும்தான் பணம் இருக்கிறது, அதற்கப்புறம் தெரியாது என்ற நிலைமை வந்தது. ஆராய்ச்சியாளர்கள், குடும்ப வரலாறு தேடுபவர்கள் என்று எல்லோரும் குரல் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் அரசு நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி ஆஸ்திரேலிய டாலர் அறிவித்தது. அது முடிந்ததும் ஆண்டுக்கு 92 லட்சம் டாலர், விலைவாசிக்கு ஏற்ப உயரும்படி, நிரந்தரமாக. இந்த இரண்டாவது பாதிதான் பெரிய விஷயம் என்பேன். ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத் திட்டத்துக்கு ஒருமுறை காசு கொடுக்கிறார்கள், ஆனால் சர்வரும் சேமிப்பிடமும் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். பணம் நின்றால் இருக்கிறதும் போய்விடும்.

ஒரு குறையும் உண்டு. பல சிற்றூர்ப் பத்திரிகைகளை ஏற்றுவதற்கான செலவை அந்தந்த ஊர் நகராட்சியோ வரலாற்றுச் சங்கமோதான் தருகின்றன. அப்படியென்றால் வசதியில்லாத ஊரின் பத்திரிகை பெட்டியிலேயே கிடக்கும். இந்தச் செலவையும் பொதுப்பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரி கட்டுவது அந்த நாட்டு மக்கள், அதில் நாமும் படிக்கிறோம் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். தென்னிந்திய வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் எம்டனோடு நிறுத்த வேண்டாம். தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-இல், ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் நமக்காக நிதி திரட்டினார்கள். அந்தச் செய்திகளையும் தேடிப் பாருங்கள். ஊர்ப்பெயர்களை அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டில் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும்.