முத்தே மெஸ்ஸின் கரும்பலகை: தமிழ் தெரிந்தால் கன்னட மெனு பிடிபடும்

பெங்களூரு மாகடி ரோட்டுப் பக்கம் மதியம் மட்டும் நடக்கும் சின்ன மெஸ். படம் போட்ட மெனு கிடையாது. கன்னடத்தில் சாக்பீஸால் எழுதிய கரும்பலகை ஒன்றுதான். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தால் போதும், இல்லையென்றால் பரிமாறுகிறவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அகராதி தேவைப்படாது. சொல் தமிழில் எதை ஒத்திருக்கிறது, பலகையில் எதன் பக்கத்தில் நிற்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொருள் வந்துவிடும். ஒன்றை மட்டும் நம்பினால் தவறும்.

இங்கே கட்டாயம் சாப்பிட வேண்டியது பஸ்ஸாரு. காதுக்குப் 'பசி' மாதிரி கேட்கும், ஆனால் தமிழின் பசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலகையில் பஸ்ஸாரு வரும் நாளெல்லாம் அடுத்த வரியில் 'பல்ய', அதாவது பொரியல், இருக்கும். துப்பு அங்கேதான். கீரையையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்தெடுக்கிறார்கள். வடித்த தண்ணீர், அரைத்த மசாலாவோடு சேர்ந்து சாறாகிறது. மிஞ்சிய கீரையும் பருப்பும் தாளித்த பல்யமாகிறது. கன்னடத்தில் 'பசி' என்றால் வடி. பஸ்ஸாரு என்பது வடித்த சாறு. மசாலாவில் வெந்த கீரையும் பருப்பும் ஒரு கைப்பிடி சேர்த்து அரைப்பதால் இந்தக் கடையின் சாறு ரசம்போல ஓடாமல் முத்தேயில், அதாவது களி உருண்டையில், ஒட்டுகிறது. பூண்டு தூக்கல், அது சரியான தூக்கல்.

மஸ்ஸொப்பு இன்னும் சுலபம். சொப்பு என்றால் கீரை, முன்னால் நிற்பது நம் 'மசி'தான். கீரை மசியல்.

தமிழில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரம் வரும்: பால் ஹாலு, பல் ஹல்லு, புளி ஹுளி. பலகையில் பாதி இதிலேயே திறந்துவிடும். ஆனால் 'ஹெசரு' வரும்போது நிதானம் வேண்டும். இந்த விதிப்படி அது 'பெயர்'. கன்னடத்தில் பெயருக்கு ஹெசரு என்பதும் உண்மைதான். சாப்பாட்டுப் பலகையில் பெயருக்கு என்ன வேலை? பின்னால் 'காளு' ஒட்டியிருப்பதைப் பாருங்கள்: ஹெசருகாளு, பச்சைப்பயறு.

அந்தக் காளுவிலும் ஒரு வழுக்கல். ளகரம் போட்டால் பயறு. லகரம் போட்டால் கால். சைவம் சாப்பிடுகிறவர்கள் காளு சாருவையும் காலு சூப்பையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. கடையில் இரண்டும் ஒரே பலகையில்தான் இருக்கின்றன. காதால் கேட்டு ஆர்டர் கொடுப்பதைவிட எழுத்தைப் பார்ப்பது நல்லது. 'பேளே' பருப்பு, 'பெலெ' விலை. எண்ணுக்குத் தலைப்பாக நிற்பது விலை.

கடையின் குறை உப்சாருவில் இருக்கிறது. பெயரே உப்புச் சாறு. மசாலா அரைத்து ஊற்றாமல் தெளிவாக வைப்பார்கள், காரத்தைத் தனியாக அரைத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக் கரைத்துக்கொள்ளவே அது. இங்கே பரிமாறும்போதே காரத்தைச் சாற்றில் போட்டுவிடுகிறார்கள், அளவு நம் கையில் இல்லாமல் போகிறது. 'கார பேரே' என்று கேட்டால் தனியாகத் தருவார்கள்.

முத்தே, நம் கேழ்வரகுக் களி உருண்டை, கட்டி தட்டாமல் வருகிறது. கொதிக்கும் நீரில் மாவைக் குவித்து, உடனே கிளறாமல் வேகவிட்டு, அப்புறம் கோலால் கிண்டினால்தான் உள்ளே பச்சை மாவு நிற்காது. அந்தப் பொறுமை இங்கே தெரிகிறது. ஆனால் இரண்டரை மணிக்கு மேல் போனால் மேல்பக்கம் காய்ந்து தோல் கட்டிவிடுகிறது. ஒரு மணிக்குள் போங்கள். கிள்ளி, உருட்டி, சாற்றில் முக்கி விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் அப்பும்.

மார்கழி, தை மாதங்களில் பலகையில் 'ஹிதகித பேளே' என்று ஒன்று சேரும். ஹகரத்தைப் பகரமாக்கிப் பாருங்கள். ஊறவைத்த அவரைக் கொட்டையை விரலால் அழுத்தித் தோலை விட்டுத் தள்ளிய பருப்பு; கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது பிதுக்குப் பருப்பு. அன்று பஸ்ஸாருவை விட்டுவிட்டு இதை வாங்குங்கள்.